வழி கூறாத கட்டுரைகள்: ஆய்விதழ்களில் எழுத்துத் திருட்டும் அதனைக் கையாளும் முறையும்

ஒரு நூலின் தொடக்கத்தில் அமையும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்லவேண்டும் என்று நம் இலக்கண நூலார் விதித்தனர். அவற்றுள் முதலாவது நூலை ஆக்கியவர் பெயர். இரண்டாவது ‘வழி’, அஃதாவது, இந்நூல் எந்நூலைப் பின்பற்றி வந்தது என்பது. நூலின் பெயரும் அதனைக் கற்பதால் வரும் பயனும்கூட இவ்விரண்டிற்கும் பின்னரே வைக்கப்பட்டன. பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றிய 13ஆம் நூற்றாண்டில் இங்கு அச்சும் இல்லை, ஆய்விதழும் இல்லை. ஆயினும், அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறி வருவது என்பதையும், வாங்கிய இடத்தைச் சொல்லவேண்டும் என்பதையும் அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று நூல்களைப் பகுத்தமையும் இக்கருத்துப் பற்றியதே. வழி நூல் செய்வது இழிவன்று. முன்னோர் முடிவை ஏற்று, தமக்குத் தோன்றிய வேறுபாட்டைச் சேர்த்துச் சொல்வது புலமைக்குரிய செயலாகவே கருதப்பட்டது. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையைப் பின்னாளில் சிவஞான முனிவர் திருத்தினார். திருத்தியவரோ பெரும்புலவர், திருந்திய உரைக்குப் ‘புத்தம் புத்துரை’ என்று பெயரும் வந்தது. ஆயினும் முதலில் எழுதியவர் பெயர் மறைந்துவிடவில்லை. இன்றைக்கும் அவ்வுரை இருவர் பெயராலும் வழங்குகிறது. உரையாசிரியர்கள் பிறர் கருத்தை எடுத்தாளும்போது ‘என்ப’ என்றோ ‘என்பாரும் உளர்’ என்றோ சொல்லி நகர்வதும் உண்டு. யார் அவ்வாறு சொன்னார் என்று பெயரையும் குறித்திருந்தால் இன்று ஆராய்வோர்க்குப் பாதி வேலை மிச்சமாயிருக்கும். எனினும், ‘இஃது என் கருத்தன்று’ என்ற அளவிலாவது அவர்கள் ஒளிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்றும் நம்மிடையே இருந்தது. தாம் எழுதிய வைத்திய நூலை அகத்தியர் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் பலர். பிறர் பொருளைத் தமது என்பதும் பிழை. தம் பொருளைப் பிறரது என்பதும் பிழை. இரண்டாலும் வரலாறு கெடும். ஆனால் இன்றைய பல்கலைக்கழக உலகில் இரண்டாவது பிழையைச் செய்வார் மிக அரியர்.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த மார்ஷியல் என்னும் கவிஞர், தம் பாடல்களைத் தன்னுடையவை என்று சொல்லிப் படித்து வந்த ஒருவனைப் ‘பிளேகியாரியஸ்’ என்று ஏசினார். பிறருடைய அடிமைகளைக் கடத்திச் செல்பவனுக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயர் அது. ‘பிளேஜியரிசம்’ என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது. தமிழில் நாம் எழுத்துத் திருட்டு என்கிறோம். இப்பெயர் ஓரளவுக்கே பொருந்தும். ஏனெனில் திருடப்படுவது எழுத்து மட்டுமன்று. பிறர் எடுத்த அளவுகள், வரைந்த அட்டவணை, பிடித்த படம், வகுத்த முறை, கண்ட முடிவு ஆகிய எதனையும் உரியவர் பெயரைச் சொல்லாமல் தமதாகக் காட்டுவது இதனுள் அடங்கும். தாம் முன்பே வெளியிட்ட கட்டுரையைப் புதியது போல் இன்னோர் இதழுக்கு அனுப்புவதும் இதற்கு நெருங்கிய உறவுடையது.

இதனைப் பதிப்புரிமையோடு போட்டுக் குழப்புவோர் உளர். தொல்காப்பியத்திற்குப் பதிப்புரிமை இல்லை, யாரும் அச்சிடலாம். ஆனால் அதன் நூற்பா ஒன்றை எடுத்து நான் இயற்றியது என்று எழுதினால் அது திருட்டே. பதிப்புரிமை சட்டத்தின்பாற்பட்டது, இதுவோ படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் இடையே உள்ள நம்பிக்கையின்பாற்பட்டது.

இழப்பு யாருக்கு என்று கேட்டால், திருடு கொடுத்தவருக்கு என்று உடனே விடை வரும். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு படிப்பவருக்கே ஆகும். ஒரு பள்ளியில் 23 மாணவர்க்கு ஒரு கற்பித்தல் முறையால் நன்மை விளைந்தது என்று ஒருவர் எழுதுகிறார். அதனையே இன்னொருவர் தம் பெயரில் வெளியிடுகிறார். இரண்டையும் படிக்கும் மூன்றாமவர் என்ன நினைப்பார்? இரண்டு இடங்களில், ஒருவரை ஒருவர் அறியாத இருவர், 46 மாணவரிடம் ஒரே உண்மையைக் கண்டனர் என்று நினைப்பார். ஒரு சாட்சி இரண்டு சாட்சியாகி விடுகிறது. அம்முறையில் ஐயம் எழுந்து இரண்டாமவரிடம் விளக்கம் கேட்டால், அவரால் விடை சொல்லவும் இயலாது. அவர் அவ்வகுப்பறைக்குள் நுழைந்ததே இல்லை.

திருப்பதி, பெங்களூரு, நைனித்தால்

இச்செயல் எந்த அளவுக்குச் செல்லக்கூடும் என்பதற்குத் திருப்பதியில் உள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்ட செய்தி ஒரு சான்று. அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த பி. சிரஞ்சீவி என்பவர், 2007க்கு முந்திய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70 கட்டுரைகளை 25 ஆய்விதழ்களில் வெளியிட்டிருந்தார். அவை பிறர் கட்டுரைகளிலிருந்து எடுக்கப்பட்டவை அல்லது பொய்யான அளவுகளைக் கொண்டவை என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு தனிமத்தைப் பற்றிப் பிறர் எழுதிய கட்டுரையில் அதன் பெயரை எடுத்துவிட்டு வேறொரு தனிமத்தின் பெயரைப் போட்டு வெளியிட்டதும் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவரும் பகுப்பு வேதியியல் இதழொன்றின் ஆசிரியர்களுள் ஒருவருமான பூர்ணேந்து தாஸ்குப்தா இதனை வெளிக்கொணர்ந்தார். 2008இல் உலகெங்கும் செய்தி பரவியது. பல்கலைக்கழகம் விசாரித்து, ஆய்வு மாணவரை வழிநடத்தக் கூடாது என்பது போன்ற தடைகளை விதித்தது, பணியிலிருந்து நீக்கவில்லை.

70 கட்டுரைகள் வெளிவரும்வரை யாரும் காணாதது எப்படி? 25 இதழ்கள் என்பதிலேயே விடை இருக்கிறது. ஒவ்வோர் இதழாசிரியரும் இரண்டு மூன்று கட்டுரைகளையே கண்டார். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் ஒழுங்கானது. எல்லாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் கண் ஒன்று இல்லாமல் போயிற்று.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியது பெங்களூரு நிகழ்ச்சி. பின்னாளில் பாரத ரத்னா விருது பெற்ற வேதியியலறிஞர் சி. என். ஆர். ராவ் அவர்களும் பிறரும் சேர்ந்து எழுதி, 2011இல் ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ என்னும் இதழில் வெளிவந்த கட்டுரையில் சில வாக்கியங்கள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தன. அவை முன்னுரைப் பகுதியில் இருந்த பொதுச் செய்திகள். ஆய்வின் முடிவுகளோ அவர்களுடையவையே. கட்டுரையாளர்கள் அவ்விதழிலேயே மன்னிப்புக் கோரினர். கட்டுரையைத் திரும்பப் பெறவும் முன்வந்தனர். இதழ் அது வேண்டியதில்லை என்றது. முன்னுரையை எழுதியவர் ஆய்வு மாணவர் என்று பிறகு சொல்லப்பட்டது. கட்டுரையின் தலைப்பில் பெயர் போட்டுக்கொள்ளும் மூத்தோர் அதன் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளர் ஆவர் என்பதை மறத்தலாகாது. எனினும், நான்கு வாக்கியத்தை எடுத்தவரையும் நாற்பது கட்டுரையை எடுத்தவரையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

குமாவுன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததோ வேறு வகையானது. நைனித்தாலில் உள்ள அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பி. எஸ். ராஜ்புத், தம் மாணவருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ரெனாட்டா கல்லோஷ் முதலியோர் முன்பே எழுதிய கட்டுரையின் படி என்று தெரியவந்தது. இதனை எடுத்துச் சொன்ன இயற்பியல் துறைப் பேராசிரியையே முதலில் இன்னலுக்கு ஆளானதாக அந்நாளைய செய்திகள் கூறின. நோபெல் பரிசு பெற்றோர் உள்ளிட்ட ஸ்டான்ஃபோர்டு அறிஞர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களுக்குக் கடிதம் எழுதினர். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடந்து, குற்றம் உறுதியாகி, 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார். வெளிநாட்டு அறிஞர் தலையிட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக உள்ளது. குற்றம் சாட்டப்பட்டவரே விசாரிக்கும் இடத்திலும் அமர்ந்திருந்தால் வேறு யாரிடம் முறையிடுவது?

இதழாசிரியர் செய்யவேண்டுவது

இத்தகைய வினாவுக்கு விடை காண முயன்றதே ‘கோப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பதிப்பு நெறிக் குழு. பிரிட்டனில் 1997ஆம் ஆண்டு மருத்துவ இதழாசிரியர் சிலர் கூடித் தொடங்கிய இக்குழு இன்று எல்லாத் துறை இதழ்களுக்கும் வழிகாட்டுகிறது. அது வகுத்துள்ள முறை நீதிமன்ற முறையை ஓரளவு ஒத்தது.

மதிப்பீட்டாளரோ வாசகரோ ஐயம் தெரிவித்தால், இதழாசிரியர் முதலில் சான்று கேட்கவேண்டும். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, எவ்வளவு எடுக்கப்பட்டது, எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளவேண்டும். எடுக்கப்பட்டது சிறுசிறு தொடர்களேயாகி, பிறர் அளவுகளைத் தமதென்று காட்டாமலும் இருந்தால், கடுஞ்சொல் இன்றி எழுதி, மேற்கோள் குறியிடவோ திருத்தி எழுதவோ சொல்லலாம். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் எழுதும் கட்டுரைகளில் இத்தகைய சிறு தவறு நேர்வதை அம்முறை கருத்தில் கொண்டிருப்பது பாராட்டத்தக்கது. எடுத்தது மிகுதியாயின், சான்றுகளை இணைத்துக் கட்டுரையாளருக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்கவேண்டும். விடை வராவிட்டால் உடன் எழுதியோருக்கும், அதன்பின் அவர் பணியாற்றும் நிறுவனத்திற்கும் எழுதவேண்டும். நிறுவனம் வாளா இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் நினைவூட்டவேண்டும். முறையிட்டவருக்கு முடிவைத் தெரிவிக்கவேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதழாசிரியர் தண்டனை அளிப்பவர் அல்லர். ஒருவரின் பதவியையோ ஊதியத்தையோ பற்றிய முடிவு நிறுவனத்திற்குரியது. இதழாசிரியர் கையில் இருப்பது ஒன்றே: அச்சேறிய பதிவைச் செம்மையாக்குதல். அதனால்தான் வெளிவந்த கட்டுரை திருட்டு என்று உறுதியானால் அதனைச் சுவடு தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்கின்றனர். கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறி இருக்கும். யார் திரும்பப் பெற்றார், எக்காரணத்தால், உண்மையில் உரியவர் யார் என்பதை விளக்கும் அறிவிப்பும் கட்டணமின்றி யாவரும் படிக்கும்படி வெளியிடப்படும். முன்பே அக்கட்டுரையை நம்பி மேற்கோள் காட்டியவர்கள் உண்மையை அறிந்துகொள்ள வேறு வழி இல்லை.

இயந்திரத்தின் கண்ணும் ஆசிரியர் கண்ணும்

ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் கூடி நடத்தும் ‘கிராஸ்ரெஃப்’ அமைப்பு 2008இல் ஒப்புமை காணும் கணினிச் சேவையொன்றைத் தொடங்கியது. வரும் கட்டுரையைப் பல கோடிப் பக்கங்களோடு ஒப்பிட்டு, இத்தனை விழுக்காடு ஒத்துள்ளது என்று அது சொல்லும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளும் விழுக்காட்டையே அளவுகோலாகக் கொண்டன. அவ்விதிகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. ஆய்வேட்டில் ஒப்புமை 10க்கு மேல் 40 வரையாயின் ஆறு மாதத்திற்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரையாயின் ஓராண்டுத் தடை. 60க்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். மேற்கோள் காட்டப்பட்ட பகுதி, நூற்பட்டியல், பொதுச் சொற்கள், தொடர்ந்து 14 சொற்கள் வரையிலான தற்செயல் ஒப்புமை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

விதி வேண்டுவதுதான். ஆனால் விழுக்காடு என்பது காய்ச்சல்மானி காட்டும் எண்ணைப் போன்றது. நோய் இன்னதென்று அது சொல்லாது. ஆய்வு முறையை விளக்கும் வழக்கமான வாக்கியங்களால் 25 விழுக்காடு வந்த நேர்மையான கட்டுரையும் உண்டு. மூன்று விழுக்காடே வந்து, அம்மூன்றும் பிறர் கண்டுபிடித்த முடிவாக இருப்பதும் உண்டு.

மேலும், இயந்திரத்தை ஏமாற்ற இன்னோர் இயந்திரம் வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் கருவிகளைக் கொண்டு பிறர் கட்டுரைகளை உருமாற்றுகின்றனர். பிரான்சு நாட்டைச் சேர்ந்த கபனாக், லபே ஆகியோரும் மகாசினோவ் என்பவரும் 2021இல் இத்தகைய கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் கண்டெடுத்தனர். செயற்கை நுண்ணறிவு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் ‘போலி உணர்வு’ என்று மாறியிருந்தது. மார்பகப் புற்றுநோய் ‘மார்பு ஆபத்து’ ஆகியிருந்தது. நம் மாணவன் ஒருவன் ‘காலை எழுந்தான்’ என்பதில் உள்ள காலையைப் பாதம் என்று கருதிப் ‘பாதத்தை எழுந்தான்’ என்று மாற்றி எழுதினால் எப்படியோ, அப்படி! அண்மையில் வந்துள்ள எழுதும் இயந்திரங்கள் இத்தகைய பிழையையும் செய்வதில்லை. அவை தரும் எழுத்துக்குப் பொறுப்பேற்க அவற்றால் இயலாதாகையால் அவற்றைக் கட்டுரையாளராகக் கொள்ளக் கூடாது என்றும், பயன்படுத்தினால் அதனை வெளிப்படச் சொல்லவேண்டும் என்றும் ‘கோப்’ குழு 2023இல் அறிவித்தது.

தமிழுக்கு வருவோம். இங்கே இயந்திரத்தின் கண் பெரும்பாலும் மங்கியே உள்ளது. நம் பழைய ஆய்வு மலர்கள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. ஏறியவற்றுள்ளும் பல வெறும் படங்கள். யூனிகோடு முறை பரவுமுன் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டவை, கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே கிடக்கின்றன. எனவே 1960களில் வந்த மாநாட்டு மலர்க் கட்டுரை ஒன்றை ஒருவர் இன்று தம் பெயரில் அனுப்பினால், கணினி ‘ஒப்புமை இல்லை’ என்று நற்சான்று தந்துவிடக்கூடும். ஆங்கிலத்திலிருந்தோ மலாயிலிருந்தோ மொழிபெயர்த்து எடுத்தால் கேட்கவே வேண்டா. மொழிபெயர்ப்பையும் வழி நூலுள் ஒரு வகையாகத் தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. அப்படியாயின் மொழிபெயர்த்தவரும் வழியைச் சொல்லக் கடமைப்பட்டவரே.

ஆகவே தமிழ் ஆய்விதழுக்கு அத்துறையில் ஊறிய மதிப்பீட்டாளரின் கண்ணே முதற்காவல். அவர் எதனைப் பார்ப்பார்? பிழையைப் பார்ப்பார். இது நம் ஏட்டுச் சுவடிப் பதிப்பாளர்கள் நன்கறிந்த முறை. இரண்டு சுவடிகளில் சரியான பாடம் ஒத்திருந்தால் அதனால் ஒன்றும் புலப்படாது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது, அல்லது இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்தன என்பது தெளிவு. அடிக்குறிப்பில் தவறாகக் கொடுக்கப்பட்ட பக்க எண் அடுத்தவர் கட்டுரையிலும் அதே தவறுடன் வருமாயின், அவர் மூல நூலைத் திறந்தே பார்க்கவில்லை என்று துணியலாம். ஒரே பெஞ்சில் அமர்ந்த இரு மாணவரின் கணக்குப் புத்தகங்களைத் திருத்தும் எந்த ஆசிரியரும் அறிந்ததே இது.

பள்ளியிலிருந்தே

முப்பது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளிகளில் கட்டுரை நோட்டுகளைத் திருத்தி வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பல்கலைக்கழகத்தில் தண்டிக்கப்படும் பழக்கத்தை நாமே தொடக்கப் பள்ளியில் பாராட்டி வளர்த்துவிடுகிறோம். 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக மாதிரிக் கட்டுரைகளை நெட்டுருப் போட வைத்தோம். மாறாமல் ஒப்புவித்தவனுக்கு நல்ல புள்ளியும் கிடைத்தது. அம்மாணவன் பின்னர் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்று இடுபணி எழுதும்போது, திடீரென்று அதே செயலைக் குற்றம் என்கிறோம். அவன் திகைக்க மாட்டானா?

இதற்குப் பெரிய பாடத்திட்டம் வேண்டியதில்லை. எங்கள் லூமுட்டுக்கு எதிரே கடலில் தெரியும் பங்கோர் தீவில் டச்சுக்காரர் கோட்டை ஒன்று உள்ளது. அதனைப் பற்றி நான்காம் ஆண்டு மாணவன் எழுதும்போது, அது 1670இல் கட்டப்பட்டது என்கிறான். ‘உனக்கு யார் சொன்னார், தம்பி?’ என்று கேட்டால் போதும். அறிவிப்புப் பலகையா, பாட்டியா, புத்தகமா என்று அவன் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். பலகை ஒன்றும் பாட்டி ஒன்றும் சொன்னால் இரண்டையும் எழுதட்டும்.

ஆசிரியர்களும் இன்று ஆய்வாளர்களே. வகுப்பறையில் செய்து பார்த்ததைச் செயலாய்வாக எழுதிக் கருத்தரங்குகளில் படைக்கின்றனர். ஆகவே இது பல்கலைக்கழகத்தார் கவலை மட்டுமன்று. நான் அறிந்த தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர், ல, ள, ழ வேறுபாடறியாத 23 மாணவருக்கு எழுத்தட்டைகளைக் கொண்டு ஒலிப்புப் பயிற்சி அளித்து, ஓராண்டு அளந்து எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவ்வாய்வு வேறொருவர் பெயரில் ஒரு கட்டுரைத் தொகுதியில் வெளிவந்தது. பள்ளியின் பெயர் மாறியிருந்தது. மாணவர் தொகை அதே 23. அட்டவணையின் கடைசி வரியில் இவர் செய்திருந்த கூட்டல் பிழைகூட அங்கே பத்திரமாக இருந்தது.

இத்தகைய நிலையில் செய்யவேண்டியதை அவர் முறையாகவே செய்தார். முகநூலில் வசைபாடவில்லை. இரண்டு கட்டுரைகளையும் வரிக்கு வரி எதிரெதிரே வைத்துத் தாள் ஒன்று தயாரித்தார். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு முன்பே அனுப்பியிருந்த அறிக்கையின் தேதியிட்ட படியையும், மாணவர் விடைத்தாள்களையும் சேர்த்துத் தொகுப்பாசிரியருக்கு அனுப்பினார். முதற்கடிதத்திற்கு விடையில்லை. மூன்றாம் கடிதத்திற்கு, ஐந்து மாதம் கழித்து, ‘ஆவன செய்யப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. பார்த்தால், இணையத்தில் அக்கட்டுரை இருந்த பக்கம் நீக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு இல்லை, காரணம் இல்லை, இவர் பெயரும் இல்லை.

அதற்குள் வேறு இரண்டு கட்டுரைகள் அந்த ஆய்வை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றின் நூற்பட்டியலில் இன்றும் எடுத்தவரின் பெயரே நிற்கிறது. இதழாசிரியர் இருவருக்கும் அவர் இப்போது தனித்தனியே எழுதியிருக்கிறார்.